பெட்டி திறந்தால் கடிகாரம் நிற்பது ஏன்?

பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஜாவாஸ்கிரிப்ட்டின் அலர்ட், கன்ஃபர்ம், ப்ராம்ப்ட் ஆகிய உரையாடல் பெட்டிகளைக் கற்பிக்கிறோம். மாணவர்கள் இவற்றை எளிதில் எழுதிவிடுகிறார்கள். பெட்டி திறந்திருக்கும்போது நிரலின் மற்ற பகுதி என்ன செய்கிறது என்பதையும் அவர்கள் அறிய வேண்டும். என் மாணவர்கள் எழுதிய வினாடி வினா நிரல் அதற்கு வழிவகுத்தது.

ஒவ்வொரு வினாவுக்கும் 60 வினாடிகள். செட்இன்டர்வல் வினாடிக்கு ஒருமுறை இயங்கி, ஒரு மாறியிலிருந்து ஒன்றைக் கழிக்கும். விடையைத் தேர்ந்தெடுத்ததும், "இதுதான் உங்கள் விடையா?" என்று கன்ஃபர்ம் பெட்டி கேட்கும். 40 வினாடிகள் மீதமிருந்தபோது ஒரு மாணவிக்குப் பெட்டி திறந்தது. அரை நிமிடம் யோசித்துவிட்டு 'கேன்சல்' பொத்தானை அழுத்தினாள். கடிகாரம் 40-லேயே நின்றிருந்தது! பெட்டியைத் திறந்துவைப்பவருக்கு மட்டும் கூடுதல் நேரம் கிடைத்தால் அது நேர்மையான போட்டி ஆகாது.

காரணத்தை ஓராசிரியர் பள்ளியைக் கொண்டு விளக்கினேன். வாசலில் பெற்றோருடன் ஆசிரியர் பேசும்வரை வகுப்பில் பாடம் நகராது. வலைப்பக்கத்தின் நிரலும் அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்யும். கன்ஃபர்ம் பெட்டி மூடப்படும்வரை அடுத்த வரிக்கு நகராது. செட்இன்டர்வல் இரண்டாவது ஆசிரியர் அல்ல. அதே ஆசிரியருக்கு வேலையை நினைவூட்டும் மணி. வைல் மடக்கை ஓயாமல் சுழலவிட்டாலும் பயனில்லை, பக்கமே உறைந்துவிடும்.

தீர்வு இரண்டு படிகளில் அமைகிறது.

முதலாவது, வினாடிகளை எண்ணாமல் கணினியின் கடிகாரத்தைக் கேட்பது. வினா தொடங்கும்போது டேட்.நவ் தரும் மதிப்புடன் 60,000 மில்லி வினாடிகளைக் கூட்டி, முடிவு நேரமாகச் சேமிக்க வேண்டும். முடிவு நேரத்திலிருந்து தற்போதைய நேரத்தைக் கழித்தால் மீதி நேரம் சரியாகக் கிடைக்கும். பெட்டி மூடிய பிறகும் இதைச் சரிபார்த்தே விடையை ஏற்க வேண்டும்.

இரண்டாவது, கன்ஃபர்முக்குப் பதிலாக எச்டிஎம்எல்லின் டயலாக் உறுப்பைப் பயன்படுத்துவது. ஷோமோடல் மூலம் திறக்கும் இப்பெட்டி நிரலை நிறுத்தாது. பின்னணியில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 2022 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் இவ்வசதி உள்ளது. ஆனால், நிரல் காத்திருக்காது என்பதால், விடையை ஏற்கும் வரிகளைப் பெட்டியின் பொத்தானுக்குரிய செயற்கூறில் எழுத வேண்டும்.

ஆய்வகத்தில் இரு நிரல்களையும் அடுத்தடுத்து இயக்கிக் காட்டலாம். இயக்கும் முன், "பெட்டியை மூடும்போது கடிகாரம் என்ன காட்டும்?" என்று கேட்டு, விடையைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். கணித்த விடையைத் திரையோடு ஒப்பிடும்போது, நிரல் எந்த வரிசையில் இயங்குகிறது என்பது மாணவருக்குத் தெளிவாகும்.