புதையல் தேடும் விளையாட்டு

புதையல் என்றவுடன் பொன்னும் மணியும் நிறைந்த குடமே நம் நினைவுக்கு வரும். பொன்னை நாடாது புதையல் தேடும் விளையாட்டு ஒன்று இன்று உலகின் பல நாடுகளிலும் பரவியுள்ளது. அதற்கு ஜியோகேஷிங் என்று பெயர்.

வானில் வலம்வரும் செயற்கைக்கோள்கள் இடையறாது குறிப்பலைகளை அனுப்புகின்றன. கையிலுள்ள ஜி.பி.எஸ். கருவி அவை வந்துசேரும் நேரத்தைக் கணக்கிட்டு, நான்கு கோள்களின் துணையால் தான் இருக்கும் இடத்தை அறிகின்றது. பொதுமக்கள் பெறும் குறிப்பலைகளில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. மே 3-ஆம் நாள் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் வாளி ஒன்றை மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை அறிவித்தார். தேடிச் சென்றோர் அதனைக் கண்டனர், விளையாட்டும் பிறந்தது.

இதற்குச் சில விதிகள் உண்டு. பெட்டியைக் கண்டவர் அதிலுள்ள ஏட்டில் தம் பெயரை எழுதவேண்டும். ஒரு பொருளை எடுத்தால் ஈடான பொருளை வைக்கவேண்டும். பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுச் செல்லவேண்டும். அதனை மறைப்பதற்காக நிலத்தைத் தோண்டுதல் கூடாது. இவ்விறுதி விதியின் அருமையைப் புதுச்சேரியைச் சூழ்ந்த சிற்றூர்கள் நன்கு உணர்த்தும்.

வில்லியனூரும் பாகூரும் 1749-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாயின. 1752-ஆம் ஆண்டில் பாகூரில் நிகழ்ந்த போரில் லாரன்ஸ் தலைமையில் வந்த ஆங்கிலப் படை, கெர்ழானின் பிரெஞ்சுப் படையை வென்றது. இன்று அங்கே ஏரிநீர் பாயும் நெல்வயல்களைக் காண்போர், அது போர்க்களமாய் இருந்தது என்று எண்ணவும் மாட்டார்.

அம்மண் அதனினும் பழமையான செல்வத்தையும் காத்துவந்தது. 1879-ஆம் ஆண்டில் பாகூர்ச் செப்பேடுகள் வெளிப்பட்டன. அவை ஐந்து ஏடுகள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் பாகூரிலிருந்த கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் தானமாக வழங்கப்பெற்ற செய்தியை அவை கூறுகின்றன. பொன்னாசை கொண்டவன் கையில் அவை அகப்பட்டிருந்தால், வெறுஞ்செம்பு என்று உருக்கி விற்றிருப்பான். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கல்விநிலையத்தின் வரலாறும் உருகி மறைந்திருக்கும்.

அருகிலுள்ள அரிக்கமேடு மற்றோர் உண்மையைக் கற்பிக்கின்றது. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டு மட்பாண்டத்தின் ஓடுகள் கிடைத்தன. அப்பாண்டத்தின் காலம் முன்னரே அறியப்பட்டது. ஆகவே, அதே மண்ணடுக்கில் கிடந்த நம் நாட்டுப் பாண்டங்களின் காலமும் விளங்கிற்று. உடைந்த ஓட்டிற்குச் சந்தையில் விலையில்லை. அது கிடந்த இடத்திற்கோ விலைமதிப்பே இல்லை. மணி ஒன்றிற்காக மண்ணைக் கிளறுபவன் அடுக்குகளைக் கலைத்துவிடுகின்றான். மணி அவன் கைக்கு வரும். அதன் காலமோ எவர்க்கும் எட்டாது போகும்.

ஆதலின், ஏரிக்கரையிலோ வயல்வரப்பிலோ பழம்பொருள் தென்படுமாயின், மாணவர் அதனைப் பெயர்த்தெடுத்தல் ஆகாது. இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியர்க்கும் தொல்லியல் துறையினர்க்கும் அறிவித்தல் வேண்டும். புதையல் தேடும் விளையாட்டில் பயன்படும் கருவியே இதற்கும் துணைசெய்யும். கண்ட பொருளைக் கண்ட இடத்திலேயே காப்பவர் தம் ஊரின் வரலாற்றைக் காத்தவர் ஆவர்.