தாய்மையும் முதுகுவலியும்: பொறுத்துக்கொள்வது மட்டுமே வழியல்ல

கர்ப்பிணி ஆசிரியை ஒருவர் "முதுகு வலிக்கிறது" என்று சொன்னால் ஆசிரியர் அறையில் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தாம் வரும். "பிள்ளைத்தாச்சின்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்பது ஒன்று. "நாங்கல்லாம் ஒன்பதாம் மாசம் வரைக்கும் நின்னுதானே பாடம் நடத்தினோம்" என்பது இன்னொன்று. இரண்டும் அன்போடு சொல்லப்படுபவையே. ஆனால் இரண்டின் பொருளும் 'பொறுத்துக்கொள்' என்பதுதான். அதற்கு மேலும் சொன்னால் 'வேலையைத் தட்டிக்கழிக்கிறார்' என்ற பேச்சு வந்துவிடுமோ என்று பலர் வாய் திறப்பதே இல்லை.

நான் உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துபவள். இரண்டு கர்ப்ப காலங்களிலும் முதுகுவலியோடு வகுப்புக்குச் சென்றவள். இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டதையும், நாம் பாடமாக நடத்தும் அறிவியலையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அல்லது அதற்கும் மேற்பட்டோருக்கு இந்த வலி வருகிறது. வலி பொதுவானது என்பதற்காக அதைக் குறைக்க வழியில்லை என்று ஆகிவிடாது.

ஏன் வலிக்கிறது?

கர்ப்ப காலத்தில் உடல் எடை சராசரியாக 10 முதல் 12 கிலோ கூடுகிறது. அதில் பெரும்பகுதி உடலின் முன்பக்கம் சேர்வதால் ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகர்கிறது. விழாமல் நிற்க, உடல் தோளைப் பின்னுக்குச் சாய்த்து, கீழ்முதுகை உள்நோக்கி வளைத்துக்கொள்கிறது. அந்த வளைவைத் தாங்கிப் பிடிக்க முதுகுத் தசைகள் நாள் முழுவதும் இறுகியே இருக்கின்றன.

அதே நேரத்தில் வயிற்றுத் தசைகள் விரிந்து மெலிகின்றன. முதுகெலும்பை முன்பக்கத்திலிருந்து தாங்குபவை அவையே. ரிலாக்சின் முதலிய ஹார்மோன்கள், பிரசவத்துக்கு வழிவிடும் பொருட்டு இடுப்பு மூட்டுகளைப் பிணைக்கும் நார்களையும் தளர்த்துகின்றன. பாரம் கூடும் காலத்திலேயே அதைத் தாங்கும் கட்டுமானம் இளகுவதால்தான் வலி வருகிறது.

மாணவர்களுக்கும் சொல்லக்கூடிய செய்தி ஒன்று உண்டு. பெண்களின் கீழ்முதுகு வளைவில் 3 முள்ளெலும்புகளும் ஆண்களின் வளைவில் 2 முள்ளெலும்புகளும் ஆப்பு வடிவில் அமைந்துள்ளன என்று 2007இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. கர்ப்பச் சுமையோடு இரண்டு காலில் நிமிர்ந்து நடப்பதற்காகப் பரிணாமம் தந்த ஏற்பாடு இது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆஸ்ட்ரலோபிதிகஸ் புதைபடிவங்களிலும் இதே வேறுபாட்டை அவர்கள் கண்டனர். ஆனால் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதற்கோ, குனிந்து நோட்டு திருத்துவதற்கோ உரிய ஏற்பாடு அல்ல அது.

வலி எந்த இடத்தில்?

இதைக் கவனித்தால் பாதித் தீர்வு கிடைத்துவிடும். இடுப்புக்கு மேலே, கீழ்முதுகின் நடுவில் வலித்தால் அது முதுகெலும்பைச் சார்ந்த வலி. நெடுநேரம் நின்றாலும் குனிந்தாலும் இது கூடும்.

புட்டத்தின் மேற்பகுதியிலோ முன்பக்க இடுப்பெலும்பிலோ வலித்தால் அது இடுப்பு மூட்டு வலி. ஏறத்தாழ 5 கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது உண்டு. படியேறும்போது, பேருந்தில் கால் தூக்கி வைக்கும்போது, படுக்கையில் புரளும்போது இது சுருக்கென்று தெரியும். இவர்கள் ஒற்றைக் காலில் நிற்பதைத் தவிர்க்க வேண்டும். உட்கார்ந்தபடி உடை மாற்றலாம். ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் வைத்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம். புரளும்போது முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு புரளலாம்.

பள்ளி நாளில் செய்யக்கூடியவை

நிற்பது: காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தொடங்கி நிற்பதிலேயே நம் நாள் போகிறது. ஒரே நிலையில் நிற்பதுதான் முதுகுக்குப் பகை. கரும்பலகை அருகே அரை அடி உயர மணைப்பலகை ஒன்றைப் போட்டு, ஒரு காலை அதில் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை காலை மாற்றினால் கீழ்முதுகின் வளைவு தளரும். இடுப்பு மூட்டு வலி உள்ளவர்கள் இதைச் செய்யாமல் அவ்வப்போது உட்கார்ந்துவிடுவது நல்லது. தட்டையான, பிடிமானமுள்ள காலணி போதும்.

உட்காருவது: நாற்காலிக்கும் கீழ்முதுகுக்கும் இடையே துண்டைச் சுருட்டி வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பத்தடி நடங்கள். தொடக்க வகுப்புகளில் குழந்தைகளோடு தரையில் உட்கார வேண்டியிருந்தால் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். எழும்போது பக்கவாட்டில் திரும்பி, ஒரு முழங்காலை ஊன்றி, கையை அழுத்தி எழலாம்.

தூக்குவது: ஒரு நோட்டு 150 கிராம் என்றாலும் 40 நோட்டு 6 கிலோ. அதைக் கை நீட்டிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பத்தாம் வகுப்பில் நடத்தும் விசையின் திருப்புத்திறனே விடை. சுமை உடலிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருப்பதை விட 40 செ.மீ. தள்ளி இருந்தால் முதுகின் மேல் விழும் திருப்புத்திறன் இரு மடங்கு. எனவே பாதி பாதியாக, மார்போடு அணைத்துத் தூக்குங்கள். கீழே இருப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். நோட்டு எடுத்துவரும் பொறுப்பை மாணவர் குழுக்களிடம் கொடுப்பது இன்னும் எளிது.

உடற்பயிற்சியும் உறக்கமும்

வலி என்றால் படுத்தே இருக்க வேண்டும் என்ற எண்ணம் தவறு. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டுதல், கீழ்முதுகு, இடுப்பு வலிகளைத் தடுக்கக் கர்ப்ப காலம் முழுவதும் முறையான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. வலி வந்தவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, இடுப்புத் தாங்கு பெல்ட் போன்றவற்றையும் அது குறிப்பிடுகிறது. மருத்துவர் தடை சொல்லாதவரை நடைப்பயிற்சியே போதுமான தொடக்கம். அத்துடன் இரண்டு எளிய பயிற்சிகள்:

1. சுவரில் சாய்ந்து, குதிகால்களைச் சற்று முன்னே வைத்து, முழங்காலை இலேசாக மடக்குங்கள். வயிற்றை உள்ளிழுத்துக் கீழ்முதுகைச் சுவரோடு அழுத்தி 5 விநாடி நில்லுங்கள். 10 முறை செய்யலாம். இடைவேளையில் ஆசிரியர் அறையிலேயே செய்துவிடலாம்.

2. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனை முதுகை உயர்த்துவதுபோல் மெல்ல உயர்த்தி, மீண்டும் சமநிலைக்கு வாருங்கள். முதுகைக் கீழே தொய்ய விட வேண்டாம்.

படுக்கும்போது ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். எழும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுங்கள். மிதமான வெந்நீர் ஒத்தடம் முதுகுக்கு இதம் தரும், வயிற்றில் வேண்டாம்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பு தேவை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கர்ப்பிணிகளுக்கு ஏற்றவை அல்ல. குறிப்பாக 20 வாரத்துக்குப் பின் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். எந்த மாத்திரையானாலும் மருத்துவரைக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.

குழந்தை பிறந்த பின்

"ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டார்களே, அதனால்தான் இந்த வலி" என்று சொல்லாத வீடு இல்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்பதால் இந்த நம்பிக்கையும் பரவலாக உள்ளது. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். ஆனால் பிரசவத்தின்போது முதுகில் மரத்துப்போகும் மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலி அதனால் கூடியதாகத் தெரியவில்லை. இதை அறிவது முக்கியம். ஊசியின் மேல் பழியைப் போட்டால், 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று உண்மையான காரணங்களை விட்டுவிடுவோம்.

அந்தக் காரணங்கள் அன்றாட வேலைகளில் இருக்கின்றன. பச்சிளங் குழந்தை நாளுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். 10 முறை, ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்றால் 200 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாய் கழுத்தையும் முதுகையும் வளைத்து உட்கார்ந்திருக்கிறாள். குழந்தையை நோக்கிக் குனியாமல், மடியில் தலையணை வைத்துக் குழந்தையை மார்பளவுக்கு உயர்த்துங்கள். முதுகுக்குச் சாய்மானமும் பாதத்துக்குத் தரையும் கிடைக்கட்டும். இரவில் ஒருக்களித்துப் படுத்தும் பால் கொடுக்கலாம். குழந்தையின் மூக்கு மூடாமல் விழித்திருந்து கவனிக்க வேண்டும்.

தூளியிலிருந்து குழந்தையை எடுக்கும்போது ஒரு முழங்காலை ஊன்றி, குழந்தையை மார்போடு சேர்த்த பிறகு எழுங்கள். காலை நீட்டிக் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் பழக்கம் கீழ்முதுகை மிகவும் இழுக்கும். முதல் மாதங்களில் அந்த வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும். சற்று வளர்ந்த குழந்தையை எப்போதும் ஒரே பக்க இடுப்பில் வைக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள்.

விரிந்த வயிற்றுத் தசைகள் மீண்டும் சேர மாதங்கள் ஆகும். வயிற்றில் துணி கட்டுவது தாங்கலாக இருக்குமே தவிர, தசைக்கு வலு தராது. சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத் தளத் தசைகளை 5 விநாடி இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும், மூச்சை விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளிழுக்கும் பயிற்சியும் வலு தருபவை. சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். கர்ப்ப காலத்தில் தந்த கால்சியம் மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 6 மாதம் வரை தொடர வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். பலர் பிரசவத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் வலி குறைந்துவிடும். 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. அப்போது இயன்முறை மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். உறக்கமின்மையும் வலியும் சேர்ந்து மனச்சோர்வு தலைகாட்டினால் அதையும் மருத்துவரிடம் சொல்லலாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

• காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ சேர்ந்த முதுகுவலி
• 37 வாரத்துக்கு முன் விட்டு விட்டுச் சீராக வரும் இடுப்புவலி, இரத்தப்போக்கு, நீர்க்கசிவு
• தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல், சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், கால் வலுவிழத்தல்
• கர்ப்பத்தின் இறுதியிலோ பாலூட்டும் தொடக்க மாதங்களிலோ திடீரென வரும் கடும் முதுகுவலி

வாகனம் இல்லாவிட்டால் 108ஐ அழையுங்கள்.

பள்ளி செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கான மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை 1 முதல் 12 மாதமாக உயர்ந்தது பெரும் நன்மை. அந்த விடுப்பைக் குழந்தைக்காகச் சேமிக்க நினைத்துப் பலர் கடைசி மாதம் வரை பள்ளிக்கு வருகிறார்கள். முதுகின் மேல் பாரம் மிகும் மாதங்கள் இப்படிப் பள்ளியிலேயே கழிகின்றன.

நெடுநேரம் நிற்கும் வேலையைப் பிரசவத்துக்கு முந்தைய குறிப்பிட்ட காலத்தில், அந்தப் பெண் கேட்டுக்கொண்டால், தரக்கூடாது என்று 1961இன் மகப்பேறு பயன் சட்டமே கூறியது. அதன் கருத்து எல்லாப் பணியிடத்துக்கும் பொருந்தும். செலவே இல்லாத ஏற்பாடுகள் பல உள்ளன. அவருடைய வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றலாம். அடுத்தடுத்து மூன்று பாடவேளை வராமல் அட்டவணை போடலாம். தேர்வறைக் கண்காணிப்புக்குப் பதில் உட்கார்ந்து செய்யும் பணி தரலாம். வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு நாற்காலி போடலாம். மாடியேறும் வேலையைச் சக ஆசிரியர் ஏற்கலாம்.

இவற்றைக் கர்ப்பிணி ஆசிரியை தயங்கித் தயங்கிக் கேட்கும்வரை தலைமையாசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் செய்தியைச் சொல்லும் அன்றே அட்டவணையை எடுத்துவைத்து, "எதை மாற்றிக்கொள்ளலாம், டீச்சர்?" என்று கேட்கலாம்.