ஒரு கமாவுக்கு மூன்று அர்த்தங்கள்

போன வாரம் பழைய பைத்தான் 2 நிரல் ஒன்றைத் தூசு தட்டி, பைத்தான் 3.12-ல் ஓட்டிப் பார்த்தேன். முதல் தடங்கல் எதிர்பார்த்ததுதான்: அடைப்புக்குறி இல்லாத பிரிண்ட். 2008-ல் பைத்தான் 3 வந்த புதிதில் இதற்கு 'இன்வேலிட் சின்டாக்ஸ்' என்று மட்டும்தான் சொல்லும். எது தப்புன்னு நாமதான் தேடணும். இப்போது, பிரிண்டுக்கு அடைப்புக்குறி இல்லை, இப்படி எழுத நினைத்தீர்களா என்றே கேட்கிறது. (பைத்தானுக்கு ஏது கம்பைலர் என்பவர்களுக்கு: ஓடுவதற்கு முன் அதுவும் பைட்கோடாகக் கம்பைல் ஆகிறது. இந்தப் பிழைகள் அந்தக் கட்டத்தில் வருபவை.)

3.9-ல் வந்த புதிய பார்சர், முதலில் சரியான இலக்கண விதிகளை மட்டும் வைத்துப் படிக்கும். அது தோற்றால்தான், 'மக்கள் இப்படியெல்லாம் தப்பாக எழுதுவார்கள்' என்ற விதிகளையும் சேர்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படிக்கும். அதனால் இந்த உதவிக்காகச் சரியான நிரல் மெதுவாவதில்லை.

நான் மாட்டியது அடுத்த வரியில்: எக்ஸெப்ட் வேல்யூஎரர், எர். பைத்தான் 2-ல் இதற்குப் பொருள், வேல்யூஎரர் வந்தால் அதை 'எர்' என்ற மாறியில் வை என்பது. 3.12 சொன்னதோ, பல எக்ஸெப்ஷன் வகைகள் இருந்தால் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்று. நானும் யோசிக்காமல் போட்டேன். நிரல் ஓடியது. இரண்டு நாள் கழித்து ஒரு தப்பான எண் உள்ளே வந்ததும், 'எர்' என்ற பெயரே இல்லை என்று விழுந்தது. எக்ஸெப்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று, பிழை ஒன்று வரும்வரை பைத்தான் திரும்பியே பார்க்காது. கமாவை எடுத்துவிட்டு 'அஸ்' போட்டிருக்க வேண்டும்.

செய்தியில் பொய் இல்லை. ஆனா அது புதிதாக எழுதுகிறவரிடம் பேசுகிறது, பழைய நிரலோடு வந்தவரிடம் இல்லை. கமாவுக்குப் பின் ஒரே ஒரு பெயர், அதுவும் சிறிய எழுத்தில் இருந்தால், 'இது பைத்தான் 2 நிரலா? அஸ் போடுங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இனி அதற்கும் வழியில்லை. 2025-ல் வந்த 3.14, பெப் 758-ன்படி, அடைப்புக்குறி இல்லாமலே பல வகைகளை எழுத விடுகிறது. என் பழைய வரி அங்கே முனகாமல் கம்பைல் ஆகிவிடும். பழைய நிரலை நேரே 3.14-க்குக் கொண்டுபோகிறவர்கள், ஓட்டுவதற்கு முன் எக்ஸெப்ட் வரிகளில் கமா இருக்கிறதா என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.