சாமான் மாற்றுவதற்கு முன்

சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் பழைய பைக் வைத்திருப்பவருக்கு ஓர் ஆபத்து உண்டு. இங்கே எல்லாச் சாமானும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். தெருவின் தொடக்கத்தில், 10-ஆம் எண் கட்டடமான சிம் லிம் டவரில் ஒயர், ரிலே, மீட்டர் என்று மின்சாமான் கடைகள். தெருவில் மேலும் நடந்தால் விளக்குக் கடை, குழாய்க் கடை, இரும்புக் கடை. 2017 ஜூலை 10-ஆம் தேதி மூடப்படும்வரை பக்கத்திலேயே சுங்கை ரோடு பழஞ்சாமான் சந்தையும் இருந்தது. என் ஸ்பேனர்களில் பாதி அங்கே தரையில் குந்திப் பேரம் பேசி வாங்கியவை. இப்படி ஒரு வட்டாரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பிவிடுகிறது.

நான் இந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில் பைக் மெக்கானிக். தேக்காவில் கடை வேலை பார்ப்பவர்கள், சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பிகள், ஜோகூரிலிருந்து கப்சாய் என்னும் சிறு பைக்கில் கடற்பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். பலர் சொல்வது ஒரே கதை: “அண்ணே, பேட்டரி மாத்திட்டேன், பிளக் மாத்திட்டேன், சிடிஐ-கூட மாத்திட்டேன். இன்னும் எடுக்க மாட்டேங்குது.” நான் கேட்பேன்: “சரி தம்பி, பட்டனை அமுக்கினா என்ன சத்தம் வருது?” தம்பி யோசிப்பான். அதை அவன் கவனித்திருக்கவே மாட்டான்.

பழுது பார்ப்பதில் பெரிய பகுதி கண்டுபிடிப்பதுதான். மாற்றுவது கடைசி வேலை. அதிலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும். குழம்பில் உப்பையும் புளியையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால், எது குறைவாக இருந்தது என்று பிறகு யாரால் சொல்ல முடியும்?

காசு செலவில்லாத சோதனை

கார்புரேட்டர் வைத்த பழைய என்ஜின் ஓட மூன்று வேண்டும்: சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், சரியான நேரத்தில் பிளக்கில் பொறி, சிலிண்டருக்குள் நல்ல அமுக்கம். எது இல்லை என்று தேடுவதுதான் வேலை.

அதற்கும் முன்னால் சுவிட்சுகளைப் பாருங்கள். வலது கைப்பிடியில் இருக்கும் சிவப்பு கில் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது? கார் பார்க்கில் பக்கத்து வண்டியை நகர்த்தியவர் கைபட்டுத் திரும்பியிருக்கலாம். பெட்ரோல் குழாய் மூடியிருக்கிறதா, ரிசர்வில் நிற்கிறதா? நியூட்ரல் விளக்கு எரிகிறதா? சைடு ஸ்டாண்டு, கிளட்ச் பிடி இரண்டிலும் சின்னச் சுவிட்ச் உள்ள வண்டிகள் உண்டு. அது துருப்பிடித்தால், ஸ்டாண்டு இறங்கியிருப்பதாகவோ கிளட்ச் பிடிக்கப்படவில்லை என்றோ வண்டி நினைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைத் தடுத்துவிடும். மழையும் புழுக்கமும் ஓயாத நம் ஊரில் இது அடிக்கடி நடப்பது.

காதும் மீட்டரும்

இப்போது பட்டனை அமுக்குங்கள். சத்தமே இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால் மெயின் ஃபியூஸையும் பேட்டரி முனைகளையும் பாருங்கள். ‘டிக் டிக் டிக்’ என்று படபடத்தால் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது முனை தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு ‘டிக்’ கேட்டு அடங்கினால் ரிலே, ஸ்டார்ட்டர் மோட்டார், தடித்த ஒயர்கள் மீது சந்தேகம். என்ஜின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால் பேட்டரியை மறந்துவிட்டுப் பொறிக்கும் பெட்ரோலுக்கும் போகலாம். இந்த நான்கையும் காது பிரித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து மல்டிமீட்டர். சிம் லிம் டவரில் வாங்குவதாக இருந்தால் முதலில் இதை வாங்குங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. பட்டனை அமுக்கிப் பிடிக்கும்போது 10-க்கும் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். பேட்டரி நல்ல அளவு காட்டியும் மோட்டார் முனகினால், என்ஜினுக்கு வரும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை பூத்திருக்கும்.

புது பேட்டரி போட்டும் சில நாளில் படுத்துவிட்டது என்றால் குற்றம் பேட்டரியிடம் இல்லை. வண்டி ஓடும்போது, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து அளந்தால் 13.5-லிருந்து 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 13-ஐக்கூட எட்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பேட்டரியை வேக வைக்கிறது. இதைப் பார்க்காமல் மாதம் ஒரு பேட்டரி வாங்கியவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

பிளக் சொல்லும் சாட்சி

பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் சரியில்லை. அல்லது சோக் போட்டுப் போட்டு மூழ்கடித்துவிட்டீர்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கரிபிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால், யமஹா ஆர்எக்ஸ்-இசட் போன்ற டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் கூடிவிட்டது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது.

பிறகு பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, உலோக உடம்பு என்ஜின் தலையைத் தொடும்படி வைத்துக் கிக் அடியுங்கள். நீலமாக, ‘சட் சட்’ என்று கேட்கும் பொறி வேண்டும். மெலிந்த ஆரஞ்சுப் பொறி போதாது. இரண்டு எச்சரிக்கை: பிளக் துளைக்கு அருகில் பெட்ரோல் ஆவி இருக்கும், அதனால் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். பிளக் உலோகத்தைத் தொடாமல் தொங்கினால், பொறியை உண்டாக்கும் சிடிஐ பெட்டி கெடலாம்.

பொறி இல்லை என்றதும் எல்லாரும் சிடிஐயைத்தான் பழிப்பார்கள். நான் முதலில் பிளக் தொப்பியைத் திருகிக் கழற்றுவேன். உள்ளே ஒயரின் நுனி கறுத்திருக்கும். அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுச் செம்பில் திருகினால் பல வண்டி எழுந்துவிடும். டிசம்பர், ஜனவரி மழையில் நனைந்து நிற்கும் வண்டிகளுக்கு இதுவே பாதி மருத்துவம். செலவு கத்தி ஒன்றுதான்.

பெட்ரோல் ஊறிய கதை

பொறி நன்றாக இருந்தால், ஓரிரு சொட்டுப் பெட்ரோலைப் பிளக் துளையில் விட்டு, பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ‘புர்ர்’ என்று பிடித்து உடனே அணைந்தால் பழுது பெட்ரோல் பாதையில் இருக்கிறது என்று உறுதி. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு திருகு உண்டு; அதைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். எதுவும் வரவில்லை என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டால் பெட்ரோல் இறங்காது. அடியில் தனியாகத் தண்ணீர் தங்கினால் டேங்கில் மழை புகுந்திருக்கிறது. வார்னிஷ் வாடை அடித்தால் பெட்ரோல் பழசு.

நிறுத்தியே வைத்த வண்டிகளில்தான் இந்தக் கடைசி வகை. பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகி, மிச்சம் பிசினாகப் படிகிறது. முதலில் அடைபடுவது பைலட் ஜெட், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை. ஐடிலுக்கும் குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கும் அதுதான் பெட்ரோல் தருகிறது. 1992-இல் வந்த ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் மாதிரி வண்டியில் நான்கு கார்புரேட்டர், அதாவது நான்கு பைலட் ஜெட். அவற்றைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

கடைசிக் கேள்வி, பெரிய செலவு

பொறியும் பெட்ரோலும் சரி, இன்னும் எடுக்கவில்லை என்றால்தான் அமுக்கம். ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து வைத்து கம்ப்ரஷன் கேஜில் அளக்க வேண்டும். சரியான எண் அந்தந்த மாடலின் மேனுவலில் இருக்கும். குறைந்தால், ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயிலைத் துளையில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றதும் பயப்பட வேண்டாம். இடைவெளி இறுகி, முழுதாக மூடாமல் நிற்கலாம். பல வண்டிகளில் அதைச் சரிசெய்யப் புதுச் சாமான் தேவைப்படாது.

ரிங் என்றால் என்ஜினைப் பிரிக்க வேண்டும். அப்போது பதிவு அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு நம் சாலைகளில் ஓடக் கூடாது என்று 2018-இல் அரசாங்கம் அறிவித்துவிட்டது. 2023 ஏப்ரல் 5-க்குள் அத்தகைய வண்டியின் பதிவை ரத்து செய்தவர்களுக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகையும் இருந்தது. அந்த வாய்ப்பு முடிந்தது, கெடுவும் நெருங்குகிறது. பிளக் ஒயரை வெட்டுவதற்கு இந்தக் கணக்கு தேவையில்லை. சிலிண்டரைப் பிரிப்பதற்குக் கட்டாயம் தேவை. எந்தப் பழுது என்று தெரியாமல் இந்த முடிவை எடுக்கவும் முடியாது.

இவ்வளவையும் நீங்களே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டனை அமுக்கினால் என்ன சத்தம், பேட்டரி எத்தனை வோல்ட், பிளக் நனைந்ததா காய்ந்ததா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வண்டியோடு ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். கூலி குறையும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாளைப் பார்த்த பிறகு, கெடாத சாமானுக்கு உங்களிடம் பில் நீட்ட எந்த மெக்கானிக்கும் கொஞ்சம் யோசிப்பான், என்னையும் சேர்த்துத்தான்.