தூரக்கண்ணாடியும் ஆகாயப் பயணமும்



நம் தோட்டத்து மக்கள் தமிழகத்துக்குப் பயணம் போவது புதிதல்ல. அந்தக் காலத்தில், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் 'ரஜூலா' கப்பல் ஏறி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கினார்கள். பிறகு 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985-இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பற்காலமும் முடிந்தது. கனமானதை அடியில் வை, மேலே துணியைப் போட்டு மூடு என்பதே அன்று பெட்டி கட்டிய முறை. அம்முறை இன்றும் நம் வீடுகளில் இருந்து வருகிறது. பாத்திரம் பண்டங்களுக்கு அது சரி. தூரக்கண்ணாடிக்குச் சரிவராது.

தூரக்கண்ணாடி என்று நான் சொல்வது, இரண்டு கண்ணாலும் பார்க்கும் பைனாகுலரை. மலாய் மொழியில் தெரோப்போங் என்பார்கள். ஒரு காலத்தில் துரைமார் கழுத்தில் மட்டுமே தொங்கிய பொருள் அது. இப்போது பறவை பார்க்கும் ஆர்வமுள்ள பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். செம்பனைக் காட்டில் எலி பிடிக்கக் கூண்டு கட்டி வளர்க்கும் ஆந்தையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அல்லவா!

எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், மகளுக்காகப் பல மாதம் சேர்த்து வைத்த வெள்ளியில் ஒரு தூரக்கண்ணாடி வாங்கினார். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சென்னைக்குப் புறப்பட்டபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று அதைப் பெரிய பெட்டியின் அடியில், மைலோ டின்னுக்கும் பிஸ்கட் டின்னுக்கும் நடுவே வைத்தார்கள். இறங்கிப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் பிள்ளை அதைக் கண்ணில் வைத்தபோது, ஒரு நாரை இரண்டு நாரையாகத் தெரிந்தது. சற்று நேரத்தில் தலைவலி வந்துவிட்டது. மகளின் பார்வைதான் கெட்டுவிட்டது என்று தாய் கலங்கிப்போனார். ஊர் திரும்பியதும் கண் மருத்துவரிடம் கூட்டிச் சென்றார்கள். கண் நல்ல கண்தான். கெட்டது கருவி.

உடையாத கருவி கெட்டது எப்படி? தூரக்கண்ணாடி என்பது ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் கட்டி வைத்த இரண்டு தொலைநோக்கிகள். ஒவ்வொரு குழலின் முன்வாயிலும் ஒரு பெரிய வில்லை உண்டு. அது காட்டும் உருவம் தலைகீழாக இருக்கும். அதை நிமிர்த்திக் கொடுப்பவை குழலுக்குள் இருக்கும் பட்டகங்கள் எனும் கண்ணாடிக் கட்டிகள். இத்தாலியரான போரோ என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் கண்ட ஏற்பாடு இது. இந்தக் கட்டிகளைப் பசையோ சிறு கவ்வியோதான் பிடித்துக்கொண்டிருக்கும். பலமாக அடிபட்டால் மயிரிழை அளவு நகர்ந்துவிடும். அவ்வளவு போதும். இரண்டு குழல்களும் வெவ்வேறு இடத்தைப் பார்க்கத் தொடங்கும். அவற்றை ஒன்றாக்கக் கண் படாத பாடு படும். அதனால்தான் தலைவலி.

உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து வில்லை வெடித்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். பயணிகள் விமானத்தின் சரக்கு அறையிலும் அழுத்தம் காக்கப்படுகிறது. கெடுப்பது கைமாற்றம்தான். நாம் ஒப்படைத்த பெட்டி ஓடுபட்டையில் விழுந்து, வண்டியில் ஏறி, இருபது முப்பது கிலோப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்து ஊர் போய்ச் சேருகிறது. ஆகையால் தூரக்கண்ணாடி நம்மோடு கைப்பையில் வர வேண்டும். சாதாரணத் தூரக்கண்ணாடியை விமானத்துக்குள் கொண்டு செல்லத் தடையில்லை. மின்கலம் போட்டு இரவில் பார்க்கும் வகை வேறு. அதற்கு முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதிக்கின்றன. கருவியின் மேல் 8x30 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 30 மில்லிமீட்டர் அகலம் என்று பொருள். இவ்வகை ஏறக்குறைய அரைக் கிலோ வரும். 7x50 என்பது ஒரு கிலோவைத் தொடும். வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். மைலோ டின்கள் பெரிய பெட்டிக்குப் போகட்டும். அவை அடிபட்டால் நசுங்கும், அவ்வளவுதான்.

இனிக் கட்டும் முறை. குவியம் திருப்பும் சக்கரத்தைச் சுழற்றி, கண் வைக்கும் பகுதியை முழுக்க உள்ளே இறக்குங்கள். அது நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் வளைவது அதுதான். கண் வைக்கும் ரப்பர் வளையங்களை மடக்கி, நான்கு வில்லைகளுக்கும் மூடி போட்டு, இரு குழல்களையும் நெருக்கி மடியுங்கள். அதன் உறையில் இட்டு, துண்டிலோ கைலியிலோ இரண்டு சுற்றுச் சுற்றிப் பையின் நடுவில் வையுங்கள். அடியிலும் துணி, மேலும் துணி. வாரை வெளியே தொங்கவிடாதீர்கள். எதிலாவது மாட்டி இழுபடும்.

கோடாலித் தைலம் இல்லாமல் ஊருக்குப் போகும் குடும்பம் உண்டா? கைப்பையில் வைக்கும் ஒவ்வொரு புட்டியும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாமல் இருந்து, ஒளிபுகும் பையில் தனியே இருக்க வேண்டும். வில்லை துடைக்கும் திரவத்துக்கும் அதே விதிதான். தைலத்தைத் தூரக்கண்ணாடியின் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

கிள்ளானில் இருந்து புறப்படுபவர்கள் கொம்யூட்டர் ரயிலில் வந்து பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் இறங்கினால், அங்கிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு விரைவு ரயில் உண்டு. ரயில் நெரிசலில் பையைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக் கருவியின் ஊடுகதிர் வில்லையை ஒன்றும் செய்யாது. அதிகாரி கேட்டால் உறையைத் திறந்து காட்டுங்கள். விமானத்துக்குள் பையை மேல்தட்டில் வைக்காமல் முன் இருக்கையின் அடியில் வைப்பதே என் கருத்து. மேல்தட்டில் பின்னால் வருபவர் தம் பெட்டியை இடித்துத் திணிப்பார்.

குளிர்ந்த விமானத்தில் இருந்து சென்னையின் புழுக்கத்தில் இறங்கியதும் உறையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். அது உள்ளே புகுந்தால் பூசணம் பிடிக்கும். ஒரு மணி நேரம் மூடியே இருக்கட்டும். புதுக் காலணிப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை உறையில் போட்டு வைப்பது நல்லது. பிறகு தூரத்துக் கூரை விளிம்பு ஒன்றைக் கருவி வழியே பார்த்து, அதை மெல்லக் கண்ணை விட்டு ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். இரண்டு வட்டங்களிலும் கூரைக்கோடு ஒரே மட்டத்தில் ஓடினால் கருவி நலம். புறப்படும் முன்பும் இதைச் செய்து பாருங்கள்.

வேடந்தாங்கலுக்குச் சென்னையில் இருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பறவை எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதால், ஊரார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இடம் அது. 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் கொடுத்தார். 2022-இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். மரங்கள் நீருக்கு நடுவே இருப்பதால், கரையில் நிற்பவருக்குக் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் வெறும் வெள்ளைப் புள்ளிகள். தூரக்கண்ணாடி வழியே பார்த்தால் குஞ்சுக்கு இரையூட்டுவது வரை தெரியும். மாலையில் அவை கூட்டமாகத் திரும்பும்போது, சாயும் சூரியன் பக்கம் மட்டும் கருவியைத் திருப்பப் பிள்ளைகளை விடாதீர்கள். அது கண்ணையே சுட்டுவிடும்.