கட்டிய பிறகு அனுமதியாம்!

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையிலே, போரூரைத் தாண்டியதும் வருகிறது ஐயப்பன்தாங்கல். பேருந்து நெற்றியிலே எழுதியிருக்கும் பெயராகவே சென்னை மக்களில் பலருக்கு அந்த ஊர் தெரியும். தாங்கல் எனில் சிற்றேரி. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்று வட தமிழகத்திலே இத்தகைய பெயர்கள் ஏராளம். "இங்கே நீர் நிற்கும், பார்த்துக் கட்டு" என்று பாட்டன் எழுதி வைத்துவிட்டுப் போன எச்சரிக்கை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பாட்டன் ஒரு சொல்லிலே சொன்னதை, டெல்லி சர்க்கார் எத்தனையோ அறிவிக்கைகள் போட்டும் சொல்ல முடியாமல் தவிக்கிறது!

1984-ல் போபால் நகரிலே நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அதன் பின்னர் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெரிய தொழிலோ கட்டுமானமோ துவங்குமுன் அதனால் விளையும் கேடு என்ன என்று ஆராய்ந்து அனுமதி பெறவேண்டும் என்ற விதி 1994-ல் வந்தது. 2006-ல் அது புது வடிவம் பெற்றது. "முன் அனுமதி" என்பதுதான் அந்த விதியின் உயிர். 'முன்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் முத்திரைக் கட்டணந்தான்.

அந்தச் சொல்லைத்தான் மெல்ல மெல்லக் கரைத்தார்கள். 2017 மார்ச்சிலே ஓர் அறிவிக்கை: அனுமதி பெறாமலே துவங்கிவிட்டவர்கள் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது. ஒரே ஒரு முறைதான் என்றார்கள். 2021 ஜூலையிலே, சட்டமன்றமும் காணாத, நாடாளுமன்றமும் காணாத ஓர் அலுவலகக் குறிப்பின் வாயிலாக அதே கதவு மீண்டும் திறந்தது. பெண்ணை அழைத்துக்கொண்டு ஓடிவிட்டவன், பிள்ளை பிறந்த பிறகு சம்பந்தம் பேச வருவதைப் போன்ற ஏற்பாடு!

2025 மே 16-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட் அந்த இரண்டையும் செல்லாதென்றது. நாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி ஆறு மாதம் நீடித்தது. நவம்பர் 18-ஆம் நாள், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்விலே, இருவர் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றனர். முந்தைய தீர்ப்பை வழங்கியவர்களில் ஒருவரான நீதிபதி உஜ்ஜல் புயான் மட்டும் மாறுபட்டு நின்றார். பெரும்பான்மையினர் காட்டிய காரணம், ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் மதிப்புள்ள பொதுத் திட்டங்களை இடிக்க நேரிடும் என்பது. ஒடிசாவிலே மருத்துவமனை, கர்நாடகத்திலே விமான நிலையம் என்றெல்லாம் பட்டியல் வந்தது.

இந்த வாதத்தை நாம் எள்ளி நகையாட விரும்பவில்லை. நோயாளிகளுக்கென எழுப்பிய மருத்துவமனையை இடி என்று சொல்லும் கல்நெஞ்சம் நமக்கில்லை. ஆனால் கேட்கிறோம்: மே மாதத் தீர்ப்பு, ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்ட பின்-அனுமதிகளைத் தொடவேயில்லையே! இனிமேல் இப்படிச் செய்யாதே என்றுதானே சொல்லிற்று? பொது மருத்துவமனை கட்டும் சர்க்காருக்கே முன்கூட்டி விண்ணப்பிக்க நேரமில்லையெனில், ஏரிக்கரையிலே மனை போடுபவனுக்கு எப்படி நேரமிருக்கும்?

இடிப்பது முடியாத காரியமும் அன்று. ஐயப்பன்தாங்கலுக்கு அடுத்தே இருக்கிறது மவுலிவாக்கம். 2014 ஜூன் 28 மாலை, மழையினூடே பதினோரு மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 61 பேர் மாண்டனர். அது கட்டுமானக் குறையால் வந்த கேடு; இந்த வழக்கோடு அதைக் குழப்ப வேண்டாம். ஆயினும், பக்கத்திலே நின்ற அதன் சகோதரக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் நாள் வெடி வைத்து நொடிகளிலே தரையாக்கினார்கள். மனம் வைத்தார்கள், நடந்தது.

போரூர் ஏரியைச் சுற்றிக் கழனிகள் இருந்த காலத்திலே, பெய்த மழையில் ஒரு பங்கை மண் குடித்தது. இன்று கூரையும் கான்கிரீட்டும் அதைக் குடிப்பதில்லை. அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுகின்றன. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்திலே 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்திலே 47 சென்டிமீட்டர் மழை. அந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் பாய்ந்தது. 2021-லும் 2023-லும் இந்த வட்டாரம் மறுபடி வெள்ளத்தைக் கண்டது. கடல் சூடேறச் சூடேறக் கொட்டும் மழையும் கனக்கும் என்கிறது விஞ்ஞானம். அப்படியிருக்க, விதி இறுக வேண்டிய வேளையிலா தளர்வது? 2025 ஜனவரியிலே, ஒன்றரை லட்சம் சதுர மீட்டர் வரையுள்ள தொழிற்கூடங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் முன் அனுமதியே வேண்டாம் என்றொரு சலுகை தந்தார்கள். ஆகஸ்டிலே சுப்ரீம் கோர்ட் அதை அடித்துப் போட்டது. கல்லூரிக் கூரையின் மேல் விழும் மழை கல்வி கற்றதாகவா வழியும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அடுக்குமாடித் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2006 விதியிலேயே இல்லை. இருபதாயிரம் சதுர மீட்டருக்குக் குறைந்தால் அந்த அனுமதியே தேவையில்லை. எதிரே எழும் கட்டடத்தைப் பற்றி ஐயப்பன்தாங்கல்வாசியை எவரும் கேட்கக் கடமைப்பட்டவரல்லர்! கேட்கவந்த ஒரே சமயம் 2020. புதிய விதியின் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் சொல்லுங்கள் என்றார்கள், இந்தியிலும் ஆங்கிலத்திலும். இருபத்திரண்டு மொழிகளிலும் வெளியிடு என்று அவ்வாண்டு ஜூன் 30-ல் டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மொழிபெயர்த்தார்களா? மேல்முறையீட்டுக்கு ஓடினார்கள்! ஏரி தமிழனுடையது, வெள்ளம் தமிழனுடையது, விதி மட்டும் அவனுக்கு விளங்காத மொழியிலே.

டெல்லியை மட்டும் சாடிவிட்டு இருந்துவிட நமக்கு உரிமையில்லை. 2023 ஏப்ரலிலே, கூட்டத்தொடரின் கடைசி நாளில், விவாதமின்றி, நில ஒருங்கிணைப்புச் சட்டம் நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறிற்று. நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்காக, நீர்நிலைகளையும் உள்ளடக்கிய நிலத்தை மாற்றிக்கொடுக்க வழிசெய்யும் சட்டம் அது. பரந்தூரிலே விமான நிலையம் வேண்டாமென்று 2022 முதல் ஏகனாபுரத்து மக்கள் போராடினார்கள். பரந்தூர் எங்கோ, ஐயப்பன்தாங்கல் எங்கோ என்று எண்ணவேண்டாம். பாலாற்று நீரைத் திருப்பெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுவரும் கம்பன் கால்வாய் அந்தப் பகுதி வழியேதான் வருகிறது. அங்கிருந்து மிகுநீர் செல்லுமிடம் செம்பரம்பாக்கம்.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. பின்-அனுமதிக்கு வந்து நிற்கும் திட்டங்கள் எவையெவை, எந்த ஏரியின் பிடிப்பிலே அவை நிற்கின்றன என்ற பட்டியலைத் தமிழிலே எழுதி, அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரிலே ஒட்டுக. ஒட்டிய பின் கிராம சபையைக் கூட்டுக, வடகிழக்குப் பருவமழை துவங்குமுன்.