பிழையும் வினாவும்: கம்பம் பள்ளத்தாக்கில் ஜாவா பயில்வோர்

ஏலமலைக்கும் மேகமலைத் தொடருக்கும் நடுவே, முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூர் தொடங்கித் தேனி வரையுள்ள ஊர்களின் பிள்ளைகள் பலர் இன்று கணினி அறிவியலைப் பட்டப்படிப்பாகத் தேர்ந்தெடுக்கின்றனர். 1956இல் உத்தமபாளையத்தில் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி முதல் 2012இல் போடிநாயக்கனூரில் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரி வரை இப்பாடம் கற்பிக்கப்படுகிறது. அதைப் படிப்போர் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுவாக்கில் ஜாவா என்னும் நிரல்மொழியை எதிர்கொள்கின்றனர். திராட்சைப் பந்தலிலும் ஏலத்தோட்டத்திலும் உழைக்கும் குடும்பங்களிலிருந்து வரும் இவர்களுக்கு, மாலையில் வீடு திரும்பிய பின் ஐயம் கேட்கத் தக்க ஒருவர் தெருவில் இருப்பது அரிது. சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் துறையில் பணிபுரியும் உறவினர் அக்கம்பக்கத்தில் இருக்கும் மாணவருக்கு இயல்பாகக் கிடைத்துவிடும் உதவியை இவர்கள் தேடிச்சென்று பெற வேண்டியிருக்கிறது. ஆதலால், எதை எப்படிக் கேட்பது என்பதே இவர்களுக்கு ஒரு தனிப்பாடமாகிறது; அந்தப் பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் இடம்பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் கவலை.

ஜாவா, அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினரால் 1991இல் வீட்டு மின்னணுக் கருவிகளுக்காகத் தொடங்கப்பட்டு, 1995இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டு, 1996 ஜனவரியில் முதற்பதிப்பாக வெளிவந்தது. மாணவர் எழுதும் நிரலைக் கம்பைலர், அதாவது நிரல்பெயர்ப்பி, முதலில் பைட்கோடு என்ற இடைநிலை வடிவத்துக்கு மாற்றுகிறது. பின்னர் ஜாவா மெய்நிகர் பொறி என்ற மென்பொருள் அதை எந்தக் கணினியிலும் இயக்குகிறது. ஒருமுறை எழுதியதை எங்கும் ஓட்டலாம் என்ற இந்த வசதியாலும், வங்கி, காப்பீடு போன்ற பெருநிறுவனங்களின் மென்பொருள்கள் இம்மொழியில் எழுதப்பட்டதாலும் வேலைவாய்ப்பை நாடுவோர் இதைத் தவிர்க்க இயலாத நிலை உருவாயிற்று.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கணினி அறிவியல் பிரிவெடுத்தவர் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானையும் படித்திருப்பர். தமிழ்வழியில் பயின்றவர்க்கு மாறி, மடக்கு, இனக்குழு, பொருள், மரபுரிமம், பல்லுருவாக்கம் என்று பாடநூல் தந்த சொற்கள் நன்கு பழகியிருக்கும். கல்லூரி வாசலை மிதித்ததும் அச்சொற்கள் அனைத்தும் கைவிடப்பட்டு, வேரியபிள், லூப், கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்பிசம் என்ற வரிசை தொடங்குகிறது. இரண்டும் ஒன்றே என்று ஒரு பிற்பகல் வகுப்பில் சொல்லிவிட்டால் தீரக்கூடிய இக்குழப்பம், சொல்லப்படாமலே போவதால், ஈராண்டு முயன்று கற்ற ஒன்றைப் புதிதாகத் தொடங்குவதாக மாணவர் எண்ணிக்கொள்கின்றனர். தெரிந்ததையும் தெரியாததாகக் கருதிக் கேட்கக் கூசுகின்றனர்.

முதல் நாளே கூச்சத்துக்கு வேறொரு காரணமும் சேர்கிறது. திரையில் ஒரு வணக்கத்தை அச்சிடும் மிகச் சிறிய நிரலுக்குக்கூட, ஓர் இனக்குழுவை அறிவித்து, அதனுள் 'பப்ளிக் ஸ்டேட்டிக் வாய்டு மெயின்' என்ற வரியை எழுதியாக வேண்டும் என்பது ஜாவாவின் நெடுங்கால விதி. பப்ளிக் என்பது எவரும் அணுகலாம் என்பதையும், ஸ்டேட்டிக் என்பது பொருள் எதையும் உருவாக்காமலே அழைக்கலாம் என்பதையும், வாய்டு என்பது விடை எதையும் திருப்பித் தராது என்பதையும் குறிக்கின்றன; எனினும் இவற்றின் பொருள் புரியப் பல வாரங்கள் ஆகுமாதலால், பொருளறியாது உருப்போடும் பழக்கம் அந்த வரியிலேயே தொடங்கிவிடுகிறது. 2025 செப்டம்பரில் வெளியான ஜாவா 25, இச்சொற்களையும் இனக்குழு அறிவிப்பையும் விட்டுவிட்டு மெயின் பகுதியை மட்டும் எழுதித் தொடங்க வழிசெய்திருக்கிறது. முப்பதாண்டு கழித்து வந்தாலும் வரவேற்க வேண்டிய மாற்றம் இது.

ஆய்வகத்தில் மாணவர் உதவி கேட்கும் விதத்தைக் கூர்ந்து நோக்கினால், பெரும்பாலான வினாக்கள் மூன்று சொற்றொடர்களுக்குள் அடங்கிவிடுகின்றன: 'ஓடலை சார்', 'எரர் வருது மேம்', 'அவுட்புட் வரலை அண்ணா'. இவை ஒன்றுபோலத் தோன்றினாலும் மூன்று வெவ்வேறு நோய்களின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். நிரல்பெயர்ப்பி ஏற்க மறுத்த நிரலில் இலக்கணப் பிழை இருக்கிறது. ஏற்றுக்கொண்டு பாதி வழியில் நின்றுபோன நிரலில் இயக்கநேரப் பிழை இருக்கிறது. இறுதிவரை ஓடித் தவறான விடை தந்த நிரலிலோ சிந்தனைப் பிழை இருக்கிறது. முதலிரண்டிலும் கணினியே பிழை நேர்ந்த வரியின் எண்ணைச் சொல்லிவிடுகிறது. மூன்றாவதில் அது வாய் திறப்பதில்லை. எந்த வகை என்று சொல்லாமல் கேட்கப்படும் வினாவுக்கு ஆசிரியரால் விடை சொல்ல முடிவதில்லை. அருகில் வந்து விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துத் தாமே திருத்திவிட்டுப் போகத்தான் முடிகிறது. அதன் பின் நிரல் ஓடும், ஆனால் மாணவர் கற்றது ஒன்றும் இராது.

பிழைச்செய்தியை முழுதாக வாசிக்காமையே இதற்குக் காரணம் என்று மாணவரைக் கடிந்துகொள்வது எளிது. சிவப்பு எழுத்தில் இருபது வரி ஆங்கிலம் திரையை நிறைக்கும்போது தமிழ்வழியில் வந்த பதினெட்டு வயதினர் திகைப்பது இயல்பு. ஒரே ஒரு அரைப்புள்ளி விடுபட்டாலும் அடுத்தடுத்த வரிகள் அனைத்தையும் தவறாகப் புரிந்துகொண்டு நிரல்பெயர்ப்பி பல பிழைகளை அடுக்கக்கூடும் என்பதையும், அவற்றுள் முதலாவதை மட்டும் திருத்திவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்த்தால் மற்றவை பெரும்பாலும் தாமே மறையும் என்பதையும் எவரேனும் சொன்னாலொழிய அவர் அறிய வழியில்லை. 'சிம்பலைக் கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற பொருள்படும் செய்தி இதற்கு நல்ல சான்று. ஸ்ட்ரிங், சிஸ்டம் என்ற சொற்களின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகவும், மெயின் என்பதன் முதலெழுத்தைச் சிறிய எழுத்தாகவும் எழுத வேண்டும் என்பது ஜாவாவின் கண்டிப்பு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லாத தமிழில் வாசித்துப் பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒரே எழுத்தாகத்தான் தெரியும். எத்தனை முறை சரிபார்த்தாலும் பிழை கண்ணில் படாது.

கைபேசி சார்ந்த கல்வி இத்துடன் ஒரு புதிய சிக்கலையும் சேர்த்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் வந்த வேர்டு கோப்பிலிருந்தோ பி.டி.எஃப். கோப்பிலிருந்தோ நிரலை அப்படியே நகலெடுத்து ஒட்டும்போது, நேர்கோடாக இருக்க வேண்டிய மேற்கோள்குறி, அச்சுப் புத்தகத்தில் காண்பது போன்ற வளைந்த குறியாக மாறிவிட்டிருக்கும். மனிதக் கண்ணுக்கு வேறுபாடு அற்பம். நிரல்பெயர்ப்பிக்கோ அது முன்பின் அறியாத எழுத்து. ஏற்கத்தகாத எழுத்து என்ற செய்தியுடன் அது நின்றுவிட, நண்பனுக்கு ஓடிய நிரல் தனக்கு மட்டும் ஏன் ஓடவில்லை என்று மாணவர் ஒரு மாலை முழுவதும் தவிக்கிறார். மேற்கோள்குறிகளை அழித்துவிட்டுக் கையால் மீண்டும் தட்டினால் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும் துன்பம் அது.

எந்தப் பிழைகள் மிகுதி என்பதை ஆசிரியர்களே சரியாக அறிந்திருப்பதில்லை என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. தொடக்கநிலையினருக்கென 1999இல் வெளியான புளூஜே என்ற ஜாவா எழுதுகருவியின் வழியே, உலகெங்கும் உள்ள மாணவர்களின் நிரல்பெயர்ப்பு முயற்சிகள் அவர்தம் இசைவுடன் 2013 முதல் திரட்டப்படுகின்றன. நீல் பிரவுனும் அம்ஜத் அல்தத்மரியும் இத்தரவை ஆராய்ந்தபோது, எப்பிழை அடிக்கடி நேரும் என்று ஆசிரியர்கள் கணித்தது தரவோடும் பொருந்தவில்லை, ஆசிரியர்கள் தமக்குள்ளும் ஒத்துப்போகவில்லை என்பது தெரியவந்தது. 2015இல் அவர்கள் வெளியிட்ட, 3 கோடியே 70 லட்சம் நிரல்பெயர்ப்புகளைக் கொண்ட ஆய்வில், அடைப்புக்குறிகள் இணை சேராமை மிகுதியான பிழையாக இருந்தது. ஆனால் அதை மாணவர்கள் விரைவில் தாமே திருத்திக்கொண்டனர். நீண்ட நேரம் தங்கியவை நிரல்பெயர்ப்பியின் கண்ணுக்குத் தப்பும் பிழைகள். உதவி மிகுதியாகத் தேவைப்படுவதும் அவற்றுக்குத்தான்.

அத்தகைய இரண்டைச் சற்று அருகில் சென்று காணலாம். ஏலக்காய் வியாபாரியின் பெயரையும் மூட்டைகளின் எண்ணிக்கையையும் கேட்டுப் பெறும் ஒரு நிரலில், எண்ணிக்கை முதலிலும் பெயர் அடுத்தும் கேட்கப்படுவதாகக் கொள்வோம். விசைப்பலகையிலிருந்து தகவலைப் பெறும் ஸ்கேனர் என்ற கருவியின் நெக்ஸ்ட்இன்ட் கட்டளை எண்ணையும், நெக்ஸ்ட்லைன் கட்டளை முழுவரியையும் வாசிக்கின்றன. பயனர் 50 என்று தட்டி என்டர் விசையை அழுத்துகிறார். நெக்ஸ்ட்இன்ட் 50ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, என்டர் விசை இட்ட வரிமுடிவுக் குறியை அப்படியே விட்டுவிடுகிறது. அடுத்து வரும் நெக்ஸ்ட்லைன், வரி முடியும் வரை வாசிப்பதே தன் கடமையாதலால், காத்துக்கிடக்கும் அக்குறியைக் கண்டவுடன் வரி முடிந்ததாகக் கருதி வெற்றுச்சொல்லைத் தந்துவிடுகிறது. பெயரைத் தட்டுவதற்கு வாய்ப்பே அளிக்காமல் நிரல் தாவிவிட்டதாக மாணவருக்குத் தோன்றுகிறது, பிழைச்செய்தியும் இல்லை. எண்ணை வாசித்தபின் ஒரு நெக்ஸ்ட்லைனை வெறுமனே அழைத்து எஞ்சிய குறியைத் துடைத்துவிட்டால் சிக்கல் தீரும். எண்ணும் எழுத்தும் ஒரே வரிசையில் நின்று வருகின்றன என்ற உண்மை புரிந்தவருக்கு இத்தீர்வு தானே தோன்றும். புரியாதவருக்கு இது இன்னொரு மந்திரமாகவே எஞ்சும்.

மற்றொன்று சொற்களை ஒப்பிடுவது. ஊர்ப்பெயர் 'கம்பம்' தானா என்று சோதிக்க == என்ற குறியைப் பயன்படுத்துவோர் மிகப் பலர். அக்குறி இரு சொற்களின் எழுத்துகளை ஒப்பிடுவதில்லை. நினைவகத்தில் இரண்டும் ஒரே இடத்தில் உள்ள ஒரே பொருள்தானா என்று மட்டும் பார்க்கிறது. ஒரே பெயர் கொண்ட இருவர் ஒரே ஆள் ஆகிவிடாதது போல, விசைப்பலகையிலிருந்து வந்த 'கம்பமும்' நிரலில் எழுதப்பட்ட 'கம்பமும்' வேறுவேறு பொருள்கள். ஆகவே விடை பொய் என்றே வரும். இதில் மாணவரை ஏமாற்றும் நுட்பம் ஒன்று உண்டு. இரு சொற்களையும் நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால், இடத்தை மிச்சப்படுத்த ஜாவா இரண்டுக்கும் ஒரே பொருளைப் பகிர்ந்தளிப்பதால் விடை மெய் என்று வந்துவிடும். அவ்வாறு சோதித்துப் பார்த்தவர் தம் முறை சரியென்று நம்பிவிட்டு, உண்மையான உள்ளீடு வரும்போது திகைக்கிறார். எழுத்துகளை ஒப்பிடும் ஈக்வல்ஸ் என்ற செயற்கூறே இங்கு உரியது.

இப்படிப்பட்ட ஐயங்களுக்கு விடை தேடும் வழிகள் முன்பைவிட இன்று மிகுதி. கரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் தேபாசிஸ் சமந்தாவின் ஜாவா பாடம் என்.பி.டி.இ.எல். தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2012 முதல் இயங்கும் கணியம் என்னும் இணையதளம், கட்டற்ற மென்பொருள் குறித்த நூல்களையும் கட்டுரைகளையும் எளிய தமிழில் வெளியிடுகிறது. 2022 நவம்பருக்குப் பின் பரவிய செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் தமிழில் கேட்டாலும் விடை தருகின்றன. ஆயினும் 'இந்த புரோகிராமை சரிசெய்' என்று கேட்பவருக்கு அவை முழு நிரலையே எழுதித் தந்துவிடுவதால், விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஆசிரியர் செய்வதையே அவையும் செய்கின்றன. திருத்தித் தா என்று கேளாமல், ஏன் வெற்றுச்சொல் வந்தது என்று கேட்பவருக்கே அவற்றால் பயன் விளைகிறது. வினாவின் தரம் குறைந்திருக்கும் வரை விடை தருபவர் யாராயினும் நிலை மாறாது.

செய்முறைத் தேர்வு முறையும் இங்குப் பொறுப்பேற்க வேண்டும். பருவம் முழுவதற்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பயிற்சிகள், அவற்றைப் பிழையின்றிப் படியெடுத்த ரெக்கார்டு நோட்டு, புறத்தேர்வாளர் கையொப்பம் என்ற ஒழுங்கில், ஓடிய நிரலுக்கு மட்டுமே இடமுண்டு. ஓடாத நிரலுக்கும் அது ஏன் ஓடவில்லை என்ற தேடலுக்கும் மதிப்பெண் இல்லை. அதனால் பத்துப் பதினைந்து நிரல்களை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது பகுத்தறிவுள்ள மாணவரின் இயல்பான தேர்வாகிவிடுகிறது. அவரைக் குறைகூறுவதற்கில்லை.

ரெக்கார்டு நோட்டின் வலப்பக்கம் கோடிட்டும் இடப்பக்கம் வெறுமையாகவும் இருப்பது எல்லோரும் அறிந்ததே. அந்த வெற்றுப் பக்கத்தில், ஒவ்வொரு பயிற்சியிலும் மாணவருக்கு நேர்ந்த ஒரு பிழையைத் தமிழிலேயே எழுதச் சொல்லலாம்: நிரல் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தார், உண்மையில் என்ன நடந்தது, பிழைச்செய்தி எந்த வரியைச் சுட்டியது, அதற்குமுன் அவர் எவற்றை முயன்றார். விசைப்பலகையில் 50 தட்டி என்டர் அழுத்தியதும் பெயர் கேட்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது, பிழைச்செய்தி இல்லை, எண் கேட்கும் வரியை நீக்கினால் பெயர் ஒழுங்காக வருகிறது என்று ஒருவர் எழுதிவிட்டால், மூன்றாவது வாக்கியத்தை முடிக்கும்போதே சிக்கல் எந்த இரு வரிகளுக்கு இடையே இருக்கிறது என்பது அவருக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும், படிப்பவர் திரையைக் காணாமலே விடை சொல்லிவிடலாம். கம்பத்தில் இருக்கும் மாணவி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, தேனியில் இருக்கும் சீனியர் அக்காவுக்கு இரவு ஒன்பது மணிக்கு அனுப்பினாலும், அக்கா ஒரே வரியில் பதிலளிக்கப் போதுமான அனைத்தும் அதில் இருக்கும்.